ஏணி வந்ததா? - ராம் டிஸ்க்கின் கதை, கோலார் வழியாக



கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது பாதியில் நின்றுவிட்டால் நம்ம ஊரில் வரும் முதல் தீர்ப்பு: "ஹார்ட் டிஸ்க் போச்சு". இரண்டாவது தீர்ப்பு: "ஃபார்மட் பண்ணிடலாம்". இரண்டுக்கும் நடுவில் விசாரணை என்று ஒன்று கிடையாது. தூக்கு நேராக நிறைவேற்றப்படும். அதில் போவது யாரோ ஒருவரின் கல்யாண போட்டோவும், கடைக் கணக்கும், பிள்ளையின் ப்ராஜெக்டும்.

நான் பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன், என்ஜினியர் இல்லை. ஆனால் கணக்கு டேலி ஆகாதபோது எந்த இடத்தில் கைமாறியது என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பே. அந்தக் கண்ணோடு பார்த்தால், பல சமயம் டிஸ்க் நிரபராதி. டிஸ்க்கின் கதவைத் திறந்துவிட வந்த ஒரு தற்காலிக ஆள்தான் சொதப்பியிருப்பார். அவர் பெயர் ராம் டிஸ்க். அவர் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

சாவி பெட்டிக்குள்ளே

ராம் டிஸ்க் என்றால் பெரிய சூத்திரம் இல்லை. கம்ப்யூட்டரின் மெமரியில் (ராம்) ஒரு பகுதியைப் பிரித்து, "இதுவும் ஒரு டிஸ்க்தான்" என்று சிஸ்டத்தை நம்ப வைப்பது. அதில் ஃபைல் வைக்கலாம், ஃபோல்டர் போடலாம். சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். அணைத்தால் போகிற டிஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஆபரேட்டிங் சிஸ்டம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க்கைப் படிக்க அதற்கென்று ஒரு டிரைவர் புரோகிராம் வேண்டும். அந்த டிரைவர் எங்கே இருக்கிறது? அதே ஹார்ட் டிஸ்க்கில்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிய கதை. இதற்கு வழி, அவசியமான சாவிகளை மட்டும் ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி, முதலில் மெமரிக்குக் கொண்டுவந்து பிரித்து வைப்பது. அதை வைத்து நிஜ டிஸ்க்கைத் திறப்பது. திறந்ததும் மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவது.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இது புதிதே இல்லை. எங்கள் அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். அங்கே சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தரையிலிருந்து ஒரே கயிற்றில் கேஜைக் கட்டி அடிவரை இறக்க முடியாது. அவ்வளவு நீளம் என்றால் கயிற்றின் எடையே பெரும் சுமையாகிவிடும். அதனால் மேல் ஷாஃப்டில் ஒரு மட்டம் வரை இறங்கி, உள்ளே நடந்து, பூமிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வைண்டரில் ஏறி மறுபடி இறங்க வேண்டும். முதல் கேஜின் வேலை தங்கம் எடுப்பதல்ல. இரண்டாவது கேஜ் நிற்கும் இடத்தில் ஆளைச் சேர்ப்பதுதான். ராம் டிஸ்க்கும் அந்த முதல் கேஜ்தான்.

டாஸ் காலம்

ராம் டிஸ்க் முதலில் வந்தது வேகத்துக்காக. ஃப்ளாப்பி ஆமை வேகத்தில் சுற்றிய காலம் அது. 1984-இல் ஐபிஎம்மின் பிசி டாஸ் 3.0-வுடன் விடிஸ்க் என்று ஒன்று வந்தது. 1986-இல் எம்எஸ் டாஸ் 3.2-வில் ராம்டிரைவ் வந்தது. அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களை மெமரிக்கு நகலெடுத்துவிட்டு வேலை செய்வார்கள். சாயங்காலம் மறக்காமல் ஃப்ளாப்பியில் திரும்ப எழுத வேண்டும். மறந்தவன் கதி அதோ கதி.

ஸ்டார்ட் ஆகும் வேலைக்கு இதைப் பயன்படுத்தியதில் நம்மில் பலர் கையால் தொட்டது விண்டோஸ் 98-இன் ஸ்டார்ட்டப் ஃப்ளாப்பி. அந்த 1.44 எம்பிக்குள் எல்லா ரிப்பேர் கருவிகளும் விரித்தபடி அடங்காது. எனவே சுருக்கி வைத்திருந்தார்கள். பூட் ஆனதும் மெமரியில் 2 எம்பிக்கு ஒரு ராம் டிரைவ் உருவாகும். சுருக்கியது அதில் விரியும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்த ராம் டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்கு அடுத்த எழுத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டில் 'சி' மட்டும்தான் என்றால், எப்போதும் 'டி'யாக இருந்த சிடி டிரைவ் அன்றைக்கு மட்டும் 'இ' ஆகிவிடும். ஆட்கள் 'டி'யைத் திறந்து, சிடி படிக்கவில்லை, டிரைவ் போச்சு என்று முடிவு கட்டினார்கள். இன்னும் சிலர் முக்கியமான ஃபைல்களை 'டி'யில் பத்திரப்படுத்திவிட்டு சிஸ்டத்தை அணைத்தார்கள். அவர்கள் பத்திரப்படுத்தியது மெமரியில்! தற்காலிக ஆளை நிரந்தர ஆள் என்று நம்பினால் நடப்பது இதுதான்.

டிஸ்க்கே இல்லாத வங்கி

நம் வங்கிகளில் கம்ப்யூட்டர் சும்மா வந்துவிடவில்லை. 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. 1984-இல் ரங்கராஜன் கமிட்டியின் அறிக்கை வந்தது. அதன்பின்தான் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள். தொண்ணூறுகளில்தான் கிளை முழுவதையும் கம்ப்யூட்டர்மயமாக்கும் வேலை சூடு பிடித்தது.

நான் 2000 வாக்கில் வேலைக்குச் சேர்ந்த கிளை கோலார் மாவட்டத்தில்தான். கவுன்டரில் இருந்த எந்த கம்ப்யூட்டரிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பி டிரைவும் கிடையாது. டிஸ்க்லெஸ் நோட் என்பார்கள். வைரஸ் வராது, டேட்டாவை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, விலையும் குறைவு. மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் ஏசி போட்ட கண்ணாடி அறையில் நாவெல் நெட்வேர் சர்வர் இருக்கும். ஊழியர்களுக்கு ஃபேன், சர்வருக்கு ஏசி :-)

டிஸ்க்கே இல்லாத மெஷின் எப்படி ஸ்டார்ட் ஆகும்? லேன் கார்டில் ஒரு பூட் சிப் இருக்கும். ஒரு பூட் ஃப்ளாப்பியை டாஸ்ஜென் என்ற புரோகிராமால் அப்படியே நகலெடுத்து, ஒரே ஃபைலாக சர்வரில் வைத்திருப்பார்கள். சிப் அந்த நகலைக் காட்டி, "இதோ உன் ஃப்ளாப்பி" என்று மெஷினை ஏமாற்றும். இல்லாத 'ஏ' டிரைவிலிருந்து டாஸ் ஏறும். கண்டிப்பாகச் சொன்னால் இது ராம் டிஸ்க் இல்லை, நகல் இருப்பது சர்வரில். ராம் டிஸ்க்குக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வியாதி ஒன்றேதான்.

மாற்றலாகி வந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் தினமும் காலையில் லாகின் ஆனதும் "பேட்ச் ஃபைல் மிஸ்ஸிங்" என்று வரும். அதே மெஷினில் வேறு யார் உட்கார்ந்தாலும் சரியாக ஓடும். ஹார்டுவேர் கம்பெனி ஆள் வந்து லேன் கார்டை மாற்றினார், கேபிளை மாற்றினார். மறுநாள் அதே மெசேஜ். "மேடம் கை ராசி அப்படி" என்று ஒரு பியூன் சொல்ல, அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர்.

பிறகு வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவர் ஐந்து நிமிடத்தில் சரி செய்தார். நடந்தது இதுதான். ஸ்டார்ட் ஆகும்போது கட்டளைகளின் ஒரு பட்டியலை மெஷின் அந்தப் போலி ஃப்ளாப்பியிலிருந்து வரிவரியாகப் படிக்கும். நடுவில் லாகின் ஆனதும் போலி ஃப்ளாப்பி விலகி, சர்வரில் அந்த ஊழியருக்கான இடம் முன்னால் வரும். மீதி வரிகளை மெஷின் அங்கே தேடும். அங்கேயும் அந்தப் பட்டியலின் நகல் ஒன்று இருந்தாக வேண்டும். பழைய ஊழியர்களுக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். இந்த அம்மாவுக்குப் போடவில்லை. அவ்வளவுதான்.

கார்டு கெடவில்லை, கேபிள் கெடவில்லை, கை ராசியும் கெடவில்லை. கைமாறும் இடத்தில் ஒரு காகிதம் குறைந்தது.

லினக்ஸ் பிடித்த வழி

இதே பிரச்சினையை லினக்ஸ்காரர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் முக்கியமான அத்தியாயம். லினக்ஸ் பிறந்த 1991-ஆம் வருடக் கடைசியிலேயே தியோடர் ட்சோ என்பவர் அதற்கு ராம் டிஸ்க் எழுதிவிட்டார். பூட் ஃப்ளாப்பி ஒன்று, ரூட் ஃப்ளாப்பி ஒன்று. முதல் ஃப்ளாப்பியில் கர்னல் ஏறியதும், அடுத்ததைப் போட்டு என்டரைத் தட்டு என்று கேட்கும். அதை மெமரிக்குள் கொட்டிக்கொண்டு, ஃப்ளாப்பி டிரைவை விட்டுவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் சிக்கல் முற்றியது. ஸ்கஸி கார்டுகள் பல ஜாதி. சிடி டிரைவில் சோனிக்கு ஒரு டிரைவர், மிட்சுமிக்கு ஒன்று. எல்லாவற்றையும் கர்னலுக்குள் திணித்தால் ஃப்ளாப்பியில் கொள்ளாது. ஸ்லாக்வேர் போன்ற வெளியீடுகளில் வகை வகையாக பூட் ஃப்ளாப்பி இருந்தது. உங்கள் மெஷினுக்கு எது என்று நீங்களே பார்த்து எடுக்க வேண்டும்.

1996-இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர், ஹான்ஸ் லெர்மன் என்ற இருவர் வழி கண்டார்கள். முதலாமவர் லிலோ எழுதியவர். இரண்டாமவர் டாஸிலிருந்து லினக்ஸைக் கிளப்பும் லோட்லின் எழுதியவர். இருவருமே கதவு திறக்கும் தொழில்காரர்கள். அவர்கள் கொண்டுவந்ததுதான் இனிட்ஆர்டி, அதாவது தொடக்க ராம் டிஸ்க். பூட் லோடர் கர்னலை மெமரிக்குக் கொண்டுவரும்போதே இந்தச் சாவி மூட்டையையும் கூடவே கொண்டுவந்துவிடும். கர்னல் எழுந்ததும் மூட்டையைப் பிரித்து, அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவரை மட்டும் எடுத்து, நிஜ டிஸ்க்கைத் திறந்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். பிறகு மூட்டை இருந்த மெமரி விடுவிக்கப்படும்.

எங்கள் பாஷையில் இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கே போடுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அங்கே போடுகிறோம். உரிய கணக்குக்கு மாற்றியதும் அது பூஜ்யம் ஆக வேண்டும். சஸ்பென்ஸில் தொகை நின்றால் ஆடிட்டர் பணம் தொலைந்துவிட்டது என்று எழுதமாட்டார். மாற்ற வேண்டியவர் ஏன் மாற்றவில்லை என்றுதான் கேட்பார்.

அந்தக் காலத்து ராம் டிஸ்க்குக்கு அளவு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருக்கும், வழக்கமாக 4096 கேபி. மூட்டை அதைவிடப் பெரிதானால் "இமேஜ் டூ பிக்" என்று சொல்லி நிற்கும். அளவைக் கூட்டச் சொல்லி பூட் வரியில் ஒரு வார்த்தை சேர்த்தால் சரியாகிவிடும். 2002 கடைசியில், வளர்ச்சி நிலையில் இருந்த கர்னலில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற புது ஏற்பாடு வந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலோடு அது எல்லோருக்கும் கிடைத்தது. இதில் நிச்சயித்த அளவு கிடையாது, தேவைக்கு ஏற்ப விரியும். ஒரு வியாதி ஒழிந்தது. மற்ற வியாதிகள் அப்படியே இருக்கின்றன.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து, இன்ஸ்டால் டிவிடி போட்டதும் ஒரு குட்டி விண்டோஸ் மெமரியில்தான் ஏறுகிறது. 'எக்ஸ்' என்று ஒரு டிரைவ் தெரியும், அது முழுக்க ராம் டிஸ்க். மெமரி போதவில்லை என்றால் ராம் டிஸ்க் உருவாக்க இடமில்லை என்றே எழுதிவிட்டு நின்றுவிடும். அதைப் படிக்காமல் டிவிடி கெட்டது என்று வேறு டிவிடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு மெசேஜ், இரண்டு அர்த்தம்

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் நிற்கும்போது இரண்டு விதமாக நிற்கும்.

ஒன்று, கர்னல் பேனிக். ரூட்டை மவுன்ட் பண்ண முடியவில்லை, "அன்னோன் பிளாக்" என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பூஜ்யம் போட்டிருக்கும். இப்படி வந்தால் ராம் டிஸ்க்கே வரவில்லை, அல்லது பாதிதான் வந்தது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கர்னலின் கையில் சாவியே இல்லை.

இன்னொன்று, டெபியன் வகையறாக்களில், குறிப்பிட்ட டிஸ்க் இல்லை என்று சொல்லிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயரோடு கட்டளைக்காகக் காத்திருக்கும். இதைப் பார்த்துப் பயப்படவே கூடாது. ராம் டிஸ்க் நன்றாக வந்திருக்கிறது, உயிரோடு நின்று உங்களைக் கூப்பிடுகிறது. சொன்ன விலாசத்தில் டிஸ்க் இல்லை என்பதுதான் அதன் புகார்.

முதல் கேஜே வராதது வேறு. கேஜ் வந்து இறக்கிவிட்ட இடத்தில் இரண்டாவது வைண்டர் இல்லாதது வேறு. இரண்டுக்கும் தங்கம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வேலூரிலிருந்து வந்த லேப்டாப்

2007-இல் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளியானது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழிலும் வேலை செய்யலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இனிட்ராம்எஃப்எஸ் என்ற வார்த்தையையே கேட்டிராத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் அது போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

என் அக்கா மகள் வேலூரில் காலேஜ் படித்தவள். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதை வைத்து ஒரு நல்ல காரியம் செய்தாள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியபோது தாத்தாவுக்கு வந்த காகிதங்கள், சர்வீஸ் விவரம், செட்டில்மெண்ட் கணக்கு, குவார்ட்டர்ஸ் சம்பந்தமான கடிதங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பாஸ் பக்கத்தில் சேமித்தாள். ஒரு மழைக்காலத்தில் ஓட்டு வீடு ஒழுகி, ஒரிஜினலில் பாதி கரையான் பாதி தண்ணீர் என்று போய்விட்டது. மிஞ்சியது ஸ்கேன்தான்.

2014-இல் ஒரு நாள் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பேட்டரி ஏற்கெனவே செத்த லேப்டாப். மறுபடி போட்டால் கர்னல் பேனிக். கடைக்காரர் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்: "டிஸ்க்ல லினக்ஸ் பக்கம் அடிவாங்கிடுச்சும்மா. விண்டோஸ்தான் வருதே, இதை ஃபார்மட் பண்ணி சேர்த்துடலாம்." விண்டோஸில் பார்த்தால் அந்தப் பக்கத்து ஃபைல் எதுவும் தெரியாது. ஆகவே அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

அக்கா துபாய்க்கு போன் போட்டாள். "தம்பி, நைனா காகிதமெல்லாம் அதுலதான்டா இருக்கு."

நான் மகளிடம் கேட்ட முதல் கேள்வி: "விண்டோஸ் வருதுன்னு சொல்றியே, அது எந்த டிஸ்க்கில இருக்கு?"

"இதே டிஸ்க்தான் மாமா."

"அப்போ டிஸ்க் எப்படிப் போச்சு?"

இரண்டாவது கேள்வி, ஸ்கிரீனில் கடைசியில் என்ன இருக்கிறது? படித்தாள். அடைப்புக்குறிக்குள் இரண்டு பூஜ்யம். அப்டேட்டில் வந்த புது கர்னலுக்கான சாவி மூட்டையை எழுதும்போதுதான் கரண்ட் போயிருக்க வேண்டும். பழைய கர்னலும் அதன் மூட்டையும் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும், அழித்திருக்க மாட்டார்கள். "ஸ்டார்ட் ஆகும்போது வரும் லிஸ்டில் பழைய நம்பர் இருக்கும், அதைத் தேர்ந்தெடு" என்றேன்.

பழையது ஏறியது. முதலில் காகிதங்கள் அனைத்தையும் பென் டிரைவில் நகலெடுக்கச் சொன்னேன். ரிப்பேர் அப்புறம். பிறகு இரண்டு மூட்டைகளின் அளவையும் பார்த்தாள். புதியது பழையதில் கால்வாசிகூட இல்லை. மூட்டையைப் புதிதாகக் கட்ட ஒரே ஒரு கட்டளைதான், அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ். கட்டியதும் புது கர்னலும் ஒழுங்காக வந்தது. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட சேதமில்லை. ஃபார்மட் செய்திருந்தால் அந்த டிஸ்க்கிலிருந்து தாத்தாவின் முப்பது வருட உழைப்புக்கான சாட்சி போயிருக்கும். அதுவும் டிஸ்க் கெடாமலே.

விசாரணை வரிசை

இந்த நாற்பது வருடக் கதையில் எந்தக் காலத்து ராம் டிஸ்க்கை எடுத்தாலும் நான்கு இடங்களில்தான் சறுக்குகிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, மூட்டை முழுதாக வந்ததா? பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது வந்தால் பழுது புது மூட்டையில்.

இரண்டாவது, பிரித்து வைக்க இடம் இருக்கிறதா? மெமரி போதுமா, மெமரி ஸ்டிக் நல்லதா? கெட்ட ஸ்டிக் இருந்தால் நல்ல மூட்டையும் பிரியும்போது கெட்டுப்போகும். மெமரி டெஸ்ட் ஓட்டுங்கள்.

மூன்றாவது, சரியான சாவி உள்ளே இருக்கிறதா? டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலோ, பயாஸில் சாட்டா செட்டிங்கை மாற்றினாலோ பழைய சாவி பொருந்தாமல் போகலாம். செட்டிங்கை முன்பிருந்தபடி வையுங்கள்.

நான்காவது, ஒப்படைக்கும் விலாசம் சரியா? 2007 வாக்கில் லினக்ஸில் 'எச்டிஏ' என்றிருந்த டிஸ்க்குகள் 'எஸ்டிஏ' ஆனபோது எத்தனையோ மெஷின்கள் இதனால் நின்றன. டிஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது, தெருப் பெயர்தான் மாறியது. அதனால்தான் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடையாள எண்ணை வைத்துத் தேடும் வழக்கம் பரவியது. யுஎஸ்பி டிஸ்க் என்றால் இன்னொன்று, அது எழுந்திருக்க சில விநாடிகள் ஆகும். ராம் டிஸ்க் அவசரப்பட்டிருக்கலாம், காத்திருக்கச் சொல்லும் வார்த்தையை பூட் வரியில் சேருங்கள்.

நான்கும் சரி என்றால் அப்போது டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க் சாகவே சாகாது என்று நான் சொல்ல வரவில்லை. கடகடவென்று சத்தம் வந்தால் வேறு எதையும் செய்யாமல் முதலில் நகல் எடுங்கள். ஆனால் தூக்குத் தண்டனைக்கு முன்னால் விசாரணை வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி. அந்த டிஸ்க்கில் யாருடைய காகிதம் இருக்கிறதோ, அவருக்கு அப்பீல் கோர்ட் கிடையாது.

அடுத்த பதிவில் 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த கதை. அதுவரை, உங்கள் வீட்டில் பழைய காகிதம் ஏதாவது ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தால், இன்றைக்கே இன்னொரு நகல் எடுத்து வையுங்கள்.